பெருவீக்கம்: தேறிய மாடல் எது?

கேள்வி: பிரபஞ்சம் பிறந்த கணத்தில் படுவேகமாக வீங்கியது என்கிறார்கள். அதற்கே பல மாடல்கள் உண்டாமே! எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது, தடயம் இருக்கிறது. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளி, இன்று நுண்ணலையாக வானமெங்கும் நிறைந்திருக்கிறது. அதில் விஞ்ஞானிகள் தேடுவது முக்கியமாக இரண்டு எண்களை.

முதலாவது, அந்த ஒளியில் தெரியும் பெரிய ஏற்றத்தாழ்வுகளுக்கும் சிறியவற்றுக்கும் வலிமையில் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் எண். எல்லாம் சமம் என்றால் 1. பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தது சுமார் 0.965. ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. பல மாடல்கள் எதிர்பார்த்ததும் அதுதான்.

இரண்டாவது எண் ‘ஆர்’. வீக்கத்தில் பிறந்த ஈர்ப்பலைகளின் பங்கைச் சொல்வது. அவை இருந்தால் ஒளியின் முனைவாக்கத்தில் சுழல் வடிவத் தடம் விழும். 2014 மார்ச்சில் தென்துருவத்து பைசெப்-2 குழு அதைக் கண்டுவிட்டதாகவும் ‘ஆர்’ 0.2 என்றும் அறிவித்தது. ஒரே கொண்டாட்டம்! ஓராண்டுக்குள், பால்வீதியின் தூசியே அப்படி ஏமாற்றக்கூடும் என்று தெரிந்தது. 2021 அளவீட்டின்படி ‘ஆர்’ 0.036-ஐத் தாண்டாது.

இயற்பியலாளர் லிண்டே 1983-இல் சொன்ன எளிய மாடல்கள் இதில் அடிபட்டன, அவற்றுக்கு ‘ஆர்’ 0.1-க்கு மேல் வேண்டும். இன்னொரு இயற்பியலாளர் ஸ்டாரோபின்ஸ்கியின் 1980 மாடலோ சுமார் 0.003 முதல் 0.004 வரைதான் கேட்கிறது. அது இன்னும் களத்தில் நிற்கிறது. அவ்வளவு நுட்பமாக அளக்கத்தான் ஜப்பான் தலைமையில் லைட்பேர்ட் செயற்கைக்கோள் திட்டமிடப்பட்டிருக்கிறது.