எடை போட்டு விற்கும் சாப்பாடு: தட்டில் எதை வைக்கலாம்?

கேள்வி: நாங்கள் இனயம் கடற்கரையில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். மகன் தைவானில் சிஞ்சூ என்ற ஊரில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறான். உதவித்தொகையில்தான் எல்லாச் செலவும். அங்கே பல கடைகளில் பன்றி இறைச்சி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று, பக்கத்தில் உள்ள சைவ உணவகத்தில் மதியமும் இரவும் சாப்பிடுகிறான். வேண்டியதை நாமே தட்டில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். தராசில் வைத்து எடைக்குக் காசு வாங்குவார்களாம். ஒரு நாள் 90 டாலர், இன்னொரு நாள் 150 டாலர் ஆகிறது என்கிறான். வீடியோவில் தட்டைக் காட்டினான். மீன் துண்டு போலவே ஒன்று இருந்தது. அதுவும் சோயாவில் செய்ததாம். சாளையும் நெத்திலியும் தின்று வளர்ந்த பிள்ளை. மீன் இல்லாமல் உடம்பு தாங்குமா? காசையும் மிச்சம் பிடித்து, சத்தாகவும் சாப்பிட வழி சொல்லுங்கள்.
– ஒரு தாய், இனயம்

பதில்: முதலில் கவலையை இறக்கி வையுங்கள் அம்மா. உங்கள் மகன் போய்ச் சேர்ந்திருக்கும் இடம் நல்ல இடம்தான். குறைந்த செலவில் நிறையக் காய்கறியும் கீரையும் கிடைக்கிற உணவகங்கள் அவை. புத்த மதத்தையும் இகுவான்தாவ் என்ற சமய மரபையும் பின்பற்றுகிறவர்கள் பலர் இத்தகைய கடைகளை நடத்துகிறார்கள். அதனால் பெரும்பாலான கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சில கடைகளில் முட்டையும் பாலும் உண்டு, சிலவற்றில் இல்லை.

அவனுக்குச் செலவு 90 டாலருக்கும் 150 டாலருக்கும் இடையே ஆடுவதற்குக் காரணம் விலைவாசி இல்லை, தட்டில் எடுத்து வைக்கும் முறை. ஒரு தைவான் டாலர் கிட்டத்தட்ட 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளைக்கு 180 ரூபாய் வித்தியாசம். மாதக் கணக்கில் அது பெரிய தொகை. அதைச் சரிசெய்யும் வழியே சத்தான சாப்பாட்டுக்கும் வழி.

சோற்றுக்கு ஒரு கணக்கு, கறிக்கு ஒரு கணக்கு

நம்மூர் ஓட்டல் அளவுச் சாப்பாட்டில் சோறு குவியலாக இருக்கும். கூட்டும் பொரியலும் சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி வரும். தைவான் கடையில் இது தலைகீழ். இருபது முப்பது வகைக் கறிகள் தட்டங்களில் வரிசையாக இருக்கும். இடுக்கியால் எடுத்து, காசு வாங்கும் இடத்தில் எடை போட வேண்டும். ஆனால் சோற்றை அநேகமாக எடை போடுவதில்லை. ஒரு கிண்ணத்துக்கு இவ்வளவு என்று தனி விலை, அதுவும் 10 அல்லது 15 டாலருக்குள் முடிந்துவிடும். சூப்பைப் பல கடைகளில் இலவசமாகவே வைத்திருப்பார்கள்.

இதுதான் உங்கள் மகன் பிடித்துக்கொள்ள வேண்டிய நுணுக்கம். எடைத் தட்டில் உருளைக்கிழங்குக்கும் காளானுக்கும் ஒரே விலை. பூசணிக்கும் தோஃபு என்ற சோயாக் கட்டிக்கும் ஒரே விலை. மாவுச்சத்தைக் கிண்ணச் சோற்றில் மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்னும்போது, நூடுல்ஸ், வறுத்த சோறு, உருளை, சேம்பு, பூசணி ஆகியவற்றை எடைக்கு வாங்குவது நட்டம். சோளக் கதிர்த் துண்டை எடுத்தால், தின்ன முடியாத தக்கைக்கும் சேர்த்துக் காசு போகும். ஆகவே சோறு கிண்ணத்தில் வரட்டும். புரதமும் கீரையும் எடைத் தட்டில் வரட்டும். வெள்ளைச் சோற்றோடு தவிடு நீக்காத அரிசிச் சோறும் பல கடைகளில் உண்டு. நம்மூர்ச் சம்பா அரிசிச் சோறு பழகிய நாக்குக்கு அது பிடிக்கும்.

விலைப் பலகையைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். சில கடைகளில் 100 கிராமுக்கு விலை எழுதியிருப்பார்கள். சில கடைகளில் ‘லியாங்’ என்ற பழைய அளவுக்கு எழுதியிருப்பார்கள். ஒரு லியாங் 37.5 கிராம். இது தெரியாமல் ஒரு கடை மலிவு, இன்னொரு கடை விலை அதிகம் என்று ஏமாறக் கூடாது.

தட்டை மூன்றாகப் பிரிக்கட்டும்

முதல் பங்கு புரதம். மீன் விட்டுப்போன இடத்தை நிரப்ப வேண்டியது இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 65 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அது 54 கிராம். சாளை மீனில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம். தைவான் கடையில் பழுப்பு நிறத்தில் அழுத்திச் செய்த கெட்டிச் சோயாக் கட்டி இருக்கும். அதில் 100 கிராமுக்குச் சுமார் 17 கிராம் கிடைக்கும். சோயாப்பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஏட்டை எடுத்துச் செய்த கறியிலும் புரதம் அதிகம். வழுவழுப்பான வெள்ளைத் தோஃபுவில் பெரும்பகுதி தண்ணீர். 5 கிராம் அளவுதான் புரதம் தேறும். தராசில் மட்டும் அதே கனம். பச்சை சோயா மொச்சை இருந்தால் தயங்காமல் அள்ளலாம், 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் புரதம்.

இரண்டாவது பங்கு கீரை. சர்க்கரைவள்ளி இலையும் வள்ளைக்கீரையும் அங்கே தினமும் கிடைக்கும். மூன்றாவது பங்கு மற்ற காய்கள்: பாகல், பீர்க்கு, வெண்டை, பயற்றங்காய், முட்டைக்கோஸ், காளான். பாதிக்கு மேல் நம் சமையலறைக் காய்கள்தான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவில் நாளுக்குக் காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம் வேண்டும் என்கிறது. நம்மூரில் இந்த அளவு சாப்பிடுகிற இளைஞர்கள் மிகக் குறைவு. உங்கள் மகன் இரண்டு வேளையில் இதை எளிதாக எட்டிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் 25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிச் சோயாக் கட்டி 100 கிராம், கீரை 100 கிராம், காய் 100 கிராம்: 75 டாலர். ஒரு கிண்ணம் சோறு 10 டாலர். மொத்தம் 85 டாலரில் வயிறு நிறையும். நாளுக்கு வேண்டிய புரதத்தில் ஏறத்தாழ பாதி அந்த ஒரு வேளையிலேயே கிடைத்துவிடும்.

தராசுக்குத் தெரியாத மூன்று

எண்ணெய், உப்பு, போலி இறைச்சி. இந்த மூன்றிலும் உங்கள் மகன் கண்ணை வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தராசு காட்டிக்கொடுக்காது.

பொரித்த பண்டம் எடை குறைவு. அதனால் மலிவாகத் தெரியும். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி என்பதை மறக்கக் கூடாது. அங்கே கத்தரிக்காயின் ஊதா நிறம் மங்காமல் இருக்க எண்ணெயில் பொரித்தெடுப்பது வழக்கம். கத்தரி எண்ணெயை நன்றாக உறிஞ்சும் காய். பார்க்க அழகாக மின்னும் கறியைவிட, வேகவைத்ததும் வதக்கியதும் மேல்.

உப்பு பெரும்பாலும் சோயா சாஸ் வழியாக வரும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குக் கீழ். கறியை இடுக்கியால் எடுத்ததும் தட்டத்தின் ஓரத்தில் சற்று நேரம் பிடித்துச் சாறு வடியவிட்டுப் பிறகு தட்டில் வைக்கச் சொல்லுங்கள். உப்பும் குறையும், எடையும் குறையும்.

நீங்கள் வீடியோவில் பார்த்த ‘மீன்’, சோயா ஏட்டை மடித்து, தோலுக்குப் பதில் கடற்பாசித் தாளை ஒட்டிப் பொரித்தது. கெடுதல் என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் எண்ணெய், மாவு, உப்பு மூன்றும் இதில் கூடுதல். வாரத்தில் ஒருநாள் ஆசைக்கு ஒரு துண்டு போதும். கோதுமைப் பசையில் செய்த ‘இறைச்சி’யில் புரதம் நிறைய உண்டு. ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதை மட்டும் நம்பாமல் சோயாவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

மீன் இல்லாமல் உடம்பு தாங்குமா?

தாங்கும். ஆனால் மீன் தந்துகொண்டிருந்த சிலவற்றுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். முதலாவது பி12 வைட்டமின். மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் இது நம்பத்தக்க அளவில் இருக்கிறது. கடற்பாசியை நம்பி இருக்க முடியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில மாதங்களில் ஆபத்து வந்துவிடாது. வருடக் கணக்கில் கவனிக்காமல் விட்டால் நரம்புகளைப் பாதிக்கும். இரண்டாவது ஒமேகா-3 கொழுப்பு. சாளையிலும் அயிலையிலும் நிறைய உண்டு, சோயாக் கட்டியில் அதே வடிவில் கிடையாது. மூன்றாவது அயோடின். கடற்பாசிக் கறியில் அது உண்டு. ஆனால் தடித்த கெல்ப் பாசியில் அளவுக்கு மீறியே இருப்பதால் தினமும் வேண்டாம், வாரம் ஓரிரு முறை போதும்.

உங்கள் மகன் சைவ நோன்பு எடுத்துக்கொண்டவன் இல்லை. வாசனையும் வசதியும் பார்த்து அந்தக் கடைக்குப் போகிறான். தைவானும் தீவுதான். அயிலையின் உறவுக்கார மீனைச் சுட்டுச் சோற்றோடு தரும் கடைகள் அங்கே சாதாரணம். தக்காளிச் சாறில் போட்ட அதே மீன் டப்பாவிலும் மலிவாகக் கிடைக்கும். வாரம் இரண்டு முறை மீன், நாளுக்கு ஒரு முட்டை, சர்க்கரை சேர்க்காத சோயாப்பால் அல்லது பசும்பால் ஒரு தம்ளர் என்று வைத்துக்கொண்டால் போதும். முழுச் சைவமாகவே இருக்க அவன் விரும்பினால், அதையும் மதியுங்கள். அப்போது பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசட்டும். ஆறு மாதம் தங்கிய வெளிநாட்டு மாணவர்களும் தைவானின் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிடுவார்கள். ஆகவே வருடம் ஒருமுறை ரத்தத்தில் பி12-ஐயும் இரும்புச்சத்தையும் பார்த்துக்கொள்வது பெரிய பாரமாக இருக்காது. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர, சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டு நல்லது. தேநீரைச் சாப்பிட்ட உடனே குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

மிச்சம் பிடிக்க வேறு வழிகள்

தைவானில் பிறந்த ஜவ்வரிசிப் பால் தேநீர், மாணவர்களின் காசைக் கரைக்கும் முதல் பண்டம். ஒரு கோப்பைக்கு 50, 60 டாலர் ஆகும், சர்க்கரையும் ஏராளம். அதை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தாலே சில வேளைச் சாப்பாட்டுக் காசு மிஞ்சும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அங்கே பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்று கடையில் கூட்டம் நெரியும், நல்ல கறிகள் சீக்கிரம் தீரும். கொஞ்சம் முன்னாலேயே போய்விடுவது நல்லது. சாதாரண நாளிலும் தட்டங்கள் புதிதாக வந்து இறங்கும் நேரத்துக்குப் போனால் சூடாகவும் பாதுகாப்பாகவும் கிடைக்கும்.

இரண்டு வேளையும் கடையில் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை. தைவான் வீடுகளில் 1960 முதல் புழங்கிவரும் தாத்துங் மின்குக்கர் மாணவர் அறைகளிலும் இருக்கும். விடுதி விதி அனுமதித்தால் பழையது ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். சிறுபயறு அங்கே எல்லா அங்காடியிலும் கிடைக்கும். இனிப்புக் கஞ்சி வைக்க அவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள். அரிசியும் பயறும் வாங்கினால் நம் கஞ்சியும் பயறும் தயார். இரவுச் சாப்பாடு பாதிச் செலவில் முடியும். பருப்பும் அரிசியும் சேர்வதால் புரதமும் நிறைவாகும்.

அடுத்த முறை அவன் பேசும்போது தட்டைக் காட்டச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள் அம்மா: சோயாவோ முட்டையோ எங்கே, கீரை எங்கே, இந்த வாரம் மீன் தின்றாயா? மூன்றுக்கும் பதில் வந்தால் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று நிம்மதியாக இருக்கலாம்.