வண்ண மீன் வளர்ப்பும் வருவாயும்

கயல், சேல், கெண்டை, வாளை என மீனினங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கிய தமிழ் மக்கள், மீனை உணவாக மட்டும் கருதினாரல்லர். பாண்டிய மன்னர் அதனைத் தம் கொடியிற் பொறித்தனர். மீனின் அழகைக் கண்டு மகிழும் அவ்விருப்பமே இன்று கண்ணாடித் தொட்டியாக இல்லந்தோறும் இடம் பெற்றுள்ளது. பவானிசாகர் நீர்த்தேக்கத்து மீன் எடையால் விலை பெறும்; தொட்டி மீனோ அழகால் விலை பெறும். ஆதலின், வீட்டின் கொல்லைப்புறத்திலேயே வண்ண மீன்களைப் பெருக்கி விற்றுப் பொருளீட்டலாம் என்னும் எண்ணம் பலருக்கு எழுகின்றது. இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

வண்ண மீன்களை இரு வகையாகப் பகுக்கலாம். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை குஞ்சு ஈனுவன. பொன்மீன், ஏஞ்சல், குராமி, சண்டைமீன் ஆகியவை முட்டையிடுவன. பொன்மீன் சீன நாட்டில் ஓராயிரம் ஆண்டுகட்கு மேலாகப் பேணி வளர்க்கப்பட்டது. கப்பியும் ஏஞ்சலும் தென்னமெரிக்க நீர்நிலைகட்கு உரியவை. சண்டைமீன் தாய்லாந்து நாட்டிற்கு உரியது; அதன் ஆண் மீன் நீர்மேல் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். ஆயினும் இரண்டு ஆண் மீன்களை ஒரு தொட்டியில் விட்டால், ஒன்றையொன்று கடித்துக் குலைக்கும். எனவே அவற்றைத் தனித்தனியே வளர்த்தல் வேண்டும்.

தொடங்குவோர்க்கு ஏற்றது கப்பியே. அது ஏறக்குறைய நான்கு வாரத்திற்கு ஒரு முறை, இருபது முதல் ஐம்பது குஞ்சுகள் வரை ஈனும். இதனைக் கேட்ட அளவில், சில திங்களில் செல்வம் குவியும் எனச் சிலர் மனக்கணக்கிடுவர். மீன் பெருகுவது வேறு. பொருள் பெருகுவது வேறு. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

பேரூரில் ஒரு குடும்பத்தார் இருபது பெண் கப்பிகளை வளர்க்கின்றனர் என்று கொள்வோம். திங்களுக்குத் தலைக்கு முப்பதாக 600 குஞ்சுகள் பிறக்கும். அவற்றுட் பாதி மடிந்தால் 300 எஞ்சும். அவற்றுள் ஆண் பாதி, பெண் பாதி எனவும், மொத்த வணிகர் வண்ணமுள்ள ஆண் மீனுக்கு 6 ரூபாயும் பெண் மீனுக்கு 2 ரூபாயும் தருவர் எனவும் கொள்க. வரவு 1,200 ரூபாய். உணவுக்கு 350, மின்சாரத்திற்கு 200, மருந்திற்கும் உப்பிற்கும் 100, பைகளுக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் 250, தொட்டித் தேய்மானத்திற்கு 150 எனச் செலவு 1,050 ரூபாய். மிச்சம் 150 ரூபாயே. நாள்தோறும் ஒரு மணி நேரம் உழைத்தவர்க்கு, மணிக்கு 5 ரூபாய்தான் கூலியாயிற்று.

இனி, மூன்றில் ஒரு பங்கு குஞ்சுகளே பிழைத்தன என்று கொள்வோம். வரவு 800 ரூபாய். செலவோ சற்றே குறைந்து 1,000 ரூபாய். 200 ரூபாய் நட்டம். அவ்வாறன்றி, நான்கில் மூன்று பங்கு பிழைத்தால் வரவு 1,800 ரூபாய். செலவு 1,200 ரூபாய். மிச்சம் 600 ரூபாய். பாதி பிழைத்த நிலையோடு ஒப்பிட்டால், மீன்கள் ஒன்றரை மடங்கே மிகுந்தன. ஊதியமோ நான்கு மடங்காயிற்று. இவ்விலைகள் ஊர்தோறும் மாறுபடும். ஆயினும் கணக்கின் நெறி மாறாது. பிறக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையன்று, பிழைக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையே இத்தொழிலின் உயிர்நிலை.

குஞ்சுகள் மடிவதற்குக் காரணங்கள் பல. தாய் மீனே தான் ஈன்ற குஞ்சுகளைத் தின்னும். வேலம்பாசி இட்டு வைத்தால் அவை அதனுள் ஒளிந்து உயிர் பிழைக்கும். மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியா என்னும் நஞ்சாகும். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் தங்கி அந்நஞ்சைப் படிப்படியாக மாற்றித் தீங்கைக் குறைக்கும். புதுத் தொட்டியில் அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மிகுதியான மீன்களை விடுவோர் அவற்றை இழப்பர். குழாய் நீரில் கலந்துள்ள குளோரினும் மீனுக்குப் பகை. அந்நீரை ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றூட்டியோ, அதற்குரிய மருந்திட்டோ பயன்படுத்தல் வேண்டும்.

கோவை வட்டாரத்தார் நீரின் இயல்பை நன்கு அறிந்தவர். சிறுவாணி நீரை 'நல்ல தண்ணீர்' என்றும், ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை 'உப்புத் தண்ணீர்' என்றும் அவர் வழங்குவர். அவ்வுப்புத் தண்ணீர் பருப்பு வேகாவிடினும், கப்பியும் மோலியும் வளர ஏற்றது. மென்னீரை விரும்பும் நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவை அதில் எளிதில் பெருகா. எனவே மீனைத் தேர்ந்து நீரைத் தேடுவதினும், நீரை அறிந்து மீனைத் தேர்வதே அறிவுடைமை. பாலக்காட்டுக் கணவாய் வழி வீசும் ஆடிக் காற்றும் மார்கழிப் பனியும் நீரைக் குளிர்விக்கும். வெப்பநிலை திடீரென மாறினால் வெண்புள்ளி நோய் தோன்றும். அக்காலத்தில் தொட்டிகளை மூடிக் காத்தல் நலம்.

வளர்த்த மீனை வாங்குவோர் யார் என்பது அடுத்த வினா. சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வாணிகத்தால் நாடெங்கும் பெயர் பெற்றது. அங்கு மீன் வளர்ப்போர், உணவு விற்போர், தொட்டி செய்வோர், மொத்த வணிகர் ஆகிய அனைவரும் அருகருகே உள்ளனர். திருப்பூரில் நூல் பின்னுவோர், சாயமிடுவோர், தைப்போர் என வேலையைப் பகிர்ந்து கொண்டமையால் பின்னலாடைத் தொழில் தழைத்தது போன்றது இது. தனித்து நிற்கும் ஒருவர் விற்குமிடத்தை அறியாமல் மீனைப் பெருக்கினால், விற்கும் வரை உணவிட்டே கைப்பொருளை இழப்பர். அண்டை வீட்டார் சிலர் ஆளுக்கோர் இனமாக வளர்த்து ஒன்றாக விற்றால் செலவு குறையும்.

அரசும் இத்தொழிலுக்குத் துணை நின்றது. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பிற்கு 3 இலட்சம் ரூபாய் மதிப்பீடு வரையறுக்கப்பட்டது. அதில் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், மகளிர்க்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியமாக வழங்க வகை செய்யப்பட்டது. மானியம் தொட்டி கட்டுதற்கு உதவும். குஞ்சுகளைக் காக்கும் திறனைத் தாராது. ஆகவே கடன் பெற்றுப் பத்துத் தொட்டி கட்டுமுன், இரண்டு தொட்டியில் ஓராண்டு பழகுதல் வேண்டும்.

ஊதியத்தை நாடுவோர் ஊரின் நலத்தை மறத்தலாகாது. 'டேங்க் கிளீனர்' எனப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி, தொட்டிகளினின்று வெளியே விடப்பட்டுத் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நம் மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்துகொண்டது. விற்காத மீனைச் சிங்காநல்லூர்க் குளத்திலோ நொய்யலிலோ விடுதல் அருளன்று, அது பெருந்தீங்கு.

வீட்டில் வண்ண மீன் வளர்த்தல் ஊதியம் தருமா எனின், தரும். ஆனால் கணக்கறிந்தவர்க்கே தரும். அது முதலில் துணைவருவாயாகவே அமையும். நீரைக் காத்து, இறந்த மீனையும் செலவேட்டில் எழுதி, சந்தையை அறிந்து, படிப்படியாகப் பெருக்குவோர்க்கே அது தொழிலாக மலரும். தொட்டியில் நீந்தும் மீனைக் காண்பதற்குக் கண் போதும். அதனால் பொருளீட்டுதற்கோ நாள் தவறாத உழைப்பும் பொய்யாத கணக்கும் வேண்டும்.

பயிற்சி

1. 'மீன் பெருகுவது வேறு. பொருள் பெருகுவது வேறு' என்பதனை விளக்குக.
2. நீரை அறிந்து மீனைத் தேர்தல் வேண்டும் என்பது ஏன்?
3. பேரூர்க் குடும்பத்தார்க்கு ஆண் மீனின் விலை 5 ரூபாயாகக் குறைந்து, பாதிக் குஞ்சுகளே பிழைத்தால் மிச்சம் எவ்வளவு? கணக்கிட்டு எழுதுக.