ஃபார்மட் என்னும் பொய் வைத்தியம்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலில் 26 ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, கடைதோறும் வீடுதோறும் ஒரே வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலிப்பு மேலிட்டுவிட்டது. "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்பதே அது. வேலை நடுவில் இயந்திரம் நின்றுபோனாலும், நீலத்திரை காட்டி மறுபடி தொடங்கினாலும், ஒரு கோப்பைத் திறக்க ஐந்து நிமிஷம் பிடித்தாலும், ஹார்டு டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சப்தம் வந்தாலும், நோய் இன்னதென்று பார்க்காமலே எல்லாவற்றுக்கும் இந்த ஒரு மருந்தையே சொல்லிவிடுகிறார்கள்.

சென்ற மார்கழியில், காவிரிப் படுகை உழவர்களின் பேச்சில் வழங்கும் சொற்களை 11 ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று கேட்டுத் தொகுத்து வைத்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் ஹார்டு டிஸ்கை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முதலில் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோயிற்று, பக்கத்துக் கடையில் கொடுத்தார், "வைரஸ்தான் ஐயா, ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்றார்கள், போட்டார்கள், மூன்று வாரம் நன்றாக ஓடிற்று, மறுபடி நின்றது, மறுபடி போட்டார்கள். டிஸ்க் சுழலவே மறுத்த பிறகுதான், உள்ளே இருந்த தம் சொற்கள் என்னவாயின என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. முதல் நாளே விவரம் அறிந்த ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால் ஒரே இரவில் அவ்வளவையும் பிரதி எடுத்திருக்கலாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரிடம் சொல்லாததை இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்கின் உள்ளே, காந்தப் பூச்சிட்ட தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், தொடாமலும் விலகாமலும், சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் ஹெட் மிதந்து செல்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70,000 நானோமீட்டர் என்பதை நினைத்தால் அந்த இடைவெளியின் சூட்சுமம் விளங்கும். அந்தப் பூச்சு தேய்ந்தோ கீறுண்டோ போன இடத்தைத்தான் பேட் செக்டர் என்கிறோம். அவ்விடத்தை அடையும் ஹெட், படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலுகிறது. அது முயன்றுகொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளே நாம் "ஹேங் ஆகிவிட்டது" என்று சொல்லும் நிலை. படிக்க முடியாமற்போன பகுதி விண்டோஸுக்கே உரிய கோப்பாக இருந்துவிட்டால் இயந்திரம் அப்படியே சாய்ந்துவிடும். ஃபார்மட் என்பதோ அடிப்படையில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை அழித்துப் புது அட்டவணை எழுதும் காரியம். செல்லரிக்கும் ஏட்டுச் சுவடியின் முகப்பேட்டைக் கிழித்துவிட்டுப் புது முகப்பேடு கட்டினால் செல் நின்றுவிடும் என்று நம்புகிறவர் உண்டா? சுவடி சிதிலமாகும் அறிகுறி கண்டவுடன் நம் முன்னோர் செய்த காரியம் அதைப் பார்த்து வேறு ஏட்டில் பிரதி எழுதியதுதான். அப்படிப் பிரதி செய்தவர்கள் இல்லாவிடில் உ.வே. சாமிநாதையர் தேடிச் சென்றபோது அச்சேற்றுவதற்கு ஒரு சுவடியும் எஞ்சியிருக்காது.

"ஆனால் ஃபார்மட் போட்டதும் மூன்று வாரம் ஓடிற்றே?" என்று கேட்பார்கள். ஓடும். அந்த மூன்று வாரமே இந்தப் பொய் பிழைத்திருப்பதற்குக் காரணம். படிக்கத் தவறிய செக்டரை டிஸ்க் ஒரு சந்தேகப் பட்டியலில் குறித்து வைக்கிறது. பழைய தகவலை யாராவது கேட்கக்கூடும் என்பதால் அதைத் தானாகக் கைவிடுவதில்லை. அதன்மேல் புதிதாக எழுதச் சொன்னால்தான், எழுதிப் பார்த்து, முடியாவிட்டால் ஒதுக்கீடாக வைத்திருக்கும் உபரிச் செக்டர் ஒன்றை அதன் ஸ்தானத்தில் நியமிக்கிறது. முழு ஃபார்மட் எல்லா இடத்திலும் எழுதிவிடுவதால் சந்தேகப் பட்டியல் காலியாகிறது. டிஸ்க் சுகப்பட்டதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் நடந்ததோ, மீட்டிருக்கக்கூடிய தகவலின்மேல் வெறும் சுழி எழுதப்பட்டதுதான். பூச்சை உரித்த காரணம் உள்ளேயே இருக்கிறது. உதிர்ந்த துகள் மற்ற இடங்களையும் கீறிக்கொண்டே போகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வகதையும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. 1980-இல் வெளிவந்த எஸ்.டி.-506 என்னும் ஐந்து மெகாபைட் டிஸ்கைப் போன்ற ஆதிகாலச் சாதனங்களில், ஹெட்டைப் படிப்படியாக நகர்த்தும் மோட்டார் இருந்தது. வெப்பத்தாலும் தேய்மானத்தாலும் ஹெட் தன் தடத்திலிருந்து சற்றே பிறழ்ந்துவிடும். அப்போது அடிமட்ட ஃபார்மட் செய்தால் தடங்கள் ஹெட் இப்போது நிற்கும் இடத்திலேயே புதிதாக எழுதப்பட்டு, டிஸ்க் மெய்யாகவே குணமடையும். இன்றைய டிஸ்கில் தடத்தைக் காட்டும் குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்படுகின்றன. நாம் போடும் எந்த ஃபார்மட்டும் அவற்றைத் தொடுவதில்லை. 40 ஆண்டுகளுக்கு முன் ஒரு வகை இயந்திரத்துக்குப் பொருந்திய வைத்தியத்தை, அந்த இயந்திரம் அழிந்த பின்னும் கைவிடாமல் இருக்கிறார்கள்.

"ஃபார்மட் ஆனாலும் மீட்டுவிடலாம்" என்ற துணைப்பொய் ஒன்றும் இதனோடு கூடவே திரிகிறது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் முழு ஃபார்மட் என்பது அட்டவணையைப் புதிதாக எழுதி மற்ற இடங்களைப் படித்துப் பார்ப்பதோடு நின்றது. விஸ்டாவிலிருந்து அதுவே டிஸ்க் முழுதும் சுழி எழுதுவதாக மாறிவிட்டது. அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும் அவசர ஃபார்மட்டில் தகவல் மிஞ்சும் என்பது மெய். ஆனால் அடுத்த நிமிஷமே கடைக்காரர் விண்டோஸை ஏற்றுகிறாரே, அந்த 20 ஜி.பி. எதன்மேல் எழுதப்படுகிறது? சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி.யில் நிலைமை இன்னும் கொடிது. ஃபார்மட் ஆனதும், இந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று விண்டோஸே அதற்கு அறிவித்துவிடுவதால், பிற்பாடு எந்த நிபுணராலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஆகவே சந்தேகம் எழுந்த அக்கணமே செய்யவேண்டியது பிரதி எடுப்பது. வேறு நல்ல டிஸ்கைப் பிரதானமாகப் போட்டு, பழையதை இரண்டாவதாக இணைத்து, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் நகலெடுங்கள். சினிமாப் படங்கள் கடைசியில் வரட்டும். பேட் செக்டர் மிகுந்திருந்தால் சாதாரண நகலெடுப்பு முதல் தடையிலேயே மாட்டிக்கொள்ளும். டிடி-ரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள், நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் குறித்து வைத்துக் கடைசியில் திரும்பி வருவதால், அதை அறிந்தவரிடம் கொடுங்கள். டிக் டிக் சப்தம் கேட்டுவிட்டதானால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு நேரே தகவல் மீட்பவரிடம் போவதே புத்தி. பிரதி எடுக்குமுன் விண்டோஸின் செக்டிஸ்கை ஓட்டாதீர்கள்; அட்டவணையைச் சீர்செய்வதாக அது டிஸ்கிலேயே எழுதுகிறது, நைந்த டிஸ்கை மணிக்கணக்கில் வதைக்கிறது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு உள்ளது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருள் அதைக் காட்டும். அதில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள கணக்கு வளர்கிறதா என்று பாருங்கள்; வளர்ந்தால் டிஸ்க் நைந்துவருகிறது. 199-க்கு நேரே மட்டும் வளர்ந்தால் குற்றம் பெரும்பாலும் டிஸ்கில் இல்லை, அதை இணைக்கும் சாட்டா கேபிளில். கேபிளை மாற்றினால் தீரும் தொல்லைக்காக நல்ல டிஸ்கைத் தூக்கி எறிந்தவர்களை அறிவேன். கூகுள் நிறுவனத்தார் தங்கள் லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்பரப்புச் சோதனையில் முதற்பிழை காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் சாத்தியம், பிழையில்லாததைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். முதற்பிழைக்குப் பின் ஃபார்மட் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். அதே கட்டுரை, செயலிழந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் முன்கூட்டிக் காட்டவில்லை என்றும் சொல்கிறது. ஆகையால் "நன்று" என்று ஸ்மார்ட் சொன்னாலும் பிரதி இல்லாமல் இருக்க அது அனுமதிச்சீட்டு ஆகாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு விஸ்தாரம் வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்கை ஃப்ரீசரில் வைத்தால் பிழைக்கும் என்பது தவறு. காற்று புகும் நுண்துளை சாதாரண டிஸ்கில் உண்டு, வெளியே எடுத்ததும் ஈரம் தட்டில் துளிர்க்கும், சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட்டுக்கு அத்துளி ஒரு மலை. தட்டினால் ஓடும் என்பது மிச்சமிருப்பதையும் உடைக்கும் வழி. வீட்டு மேஜையில் மூடியைத் திறந்து பார்ப்பது தூசிக்குக் கதவு திறப்பது. ரெஃப்ரெஷ் அழுத்தினால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்பது திரையிலுள்ள படங்களை மறுபடி வரைவதை வேகம் என்று எண்ணிய மயக்கம்.

நின்றுபோகும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் டிஸ்கே காரணம் என்றும் நான் சொல்ல வரவில்லை. கனமான வேலையின்போது மட்டும் சட்டென்று அணைந்தால் விசிறியில் அடைந்த தூசியையும் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பாருங்கள், காரணமின்றி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழையெண்ணோடு நீலத்திரை வந்தால் ரேமைக் கழற்றித் துடைத்துப் பொருத்தி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை இரவு முழுதும் ஓட்டுங்கள், குறிப்பிட்ட ஓர் அடைவைத் திறக்கும்போதெல்லாம் உறைந்தால் டிஸ்கைச் சந்தேகியுங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூயரில் டிஸ்க் என்ற பெயரோடு 7 என்ற எண் பதிவாகியிருந்தால் அது பேட் செக்டரின் வாக்குமூலம். இவ்வளவையும் பார்க்க ஒரு மணி நேரம் ஆகாது. அந்த ஒரு மணியைச் செலவிட மனமில்லாமல் பிறருடைய 11 ஆண்டுகளை அழிக்கத் துணிவதைத் தொழில் என்று நான் ஒப்பமாட்டேன்.

கடையில் கொடுக்கும்போது, "பிரதி எடுக்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் விஷயம் நம்முடைய டி.டி.பி. மையங்கள். 20, 25 ஆண்டுகளுக்கு முன் தட்டச்சாகி, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, 500 பிரதி அச்சாகித் தீர்ந்துபோன தமிழ் நூல்களில் பலவற்றுக்கு, ஏதோ ஒரு மாடிப்படி அறையில் இருக்கும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கே மூலம். எழுதியவரிடம் கோப்பு இல்லை, பதிப்பாளரிடமும் இல்லை, மறுபதிப்புக்கு மூலத்தைத் தேடிப்போகும்போது "அந்த சிஸ்டம் போன வருஷமே ஃபார்மட் ஆயிடுச்சு சார்" என்ற பதிலை நான் ஒருமுறையல்ல, பலமுறை கேட்டிருக்கிறேன். நூலாசிரியர்களே, உங்கள் புத்தகம் அச்சுக்குப் போகும் நாளில் முடிந்த கோப்பை இரண்டு வெவ்வேறு சாதனங்களில் வாங்குங்கள். ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். பழைய நூலானால் கோப்போடு அந்தத் தமிழ் ஃபான்ட்டையும் மறவாமல் கேளுங்கள். யூனிகோடு பரவுமுன் ஒவ்வொரு மையமும் ஒவ்வொரு எழுத்துருவில் தட்டச்சு செய்ததால், அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் உங்கள் புத்தகம் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே திரையில் விரியும்.