பழைய கைப்பேசியில் இணையத் தொடர்பு

2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இடிந்து நீரில் அடித்துச் செல்லப்பட்டன. திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிகளில் ஆற்றோரம் வாழ்வோருக்கு வெள்ளச் செய்தி காலத்தில் கிட்டுவது எத்துணை அவசியம் என்பதை அன்று உணர்ந்தோம். அதற்குப் பழைய கைப்பேசியும் உதவும். அமைப்பு சரியாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, சிம் அட்டை. ஜியோ 2ஜி, 3ஜி கருவிகளில் இயங்காது. ஏர்டெல் 2020-இல் 3ஜி சேவையை நிறுத்திவிட்டதால், 3ஜி கருவியில் அதன் 2ஜி மட்டுமே கிடைக்கும்.

இரண்டாவது, ஏபிஎன் என்னும் இணைப்புப் பெயர். மொபைல் நெட்வொர்க் அமைப்பில் இதைக் காணலாம். பி.எஸ்.என்.எல். அட்டைக்கு 'பிஎஸ்என்எல்நெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்' என ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில், இடைவெளியின்றி எழுதுக. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வெறுமையாக விடுக. சேமித்து, அப்பெயரையே தேர்ந்தெடுத்து, கருவியை அணைத்து மீண்டும் இயக்குக. நாம் கிராமங்களில் கண்ட கோளாறுகளில் பல, இப்பெயரில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழையே.

மூன்றாவது, நெட்வொர்க் வகை. இதைத் 'தானியங்கி' என வைப்பது நலம். சிக்னல் அடிக்கடி மாறி பாட்டரி விரைவில் தீருமாயின், '2ஜி மட்டும்' எனக் கொள்க. படங்கள் எளிதில் வாரா. எழுத்துச் செய்தி மெதுவாகவேனும் வரும்.

இணையம் கிட்டாவிடினும் குறுஞ்செய்தி வரும் என்பதை மறவாதீர். ஊராட்சிக்கு ஓர் உறுப்பினர் இதனைப் பயின்று அண்டை அயலாருக்குச் செய்து கொடுத்தால், அடுத்த வெள்ளத்திற்கு முன் ஊர் விழித்திருக்கும்.