காய்ச்சல் மருந்தின் அளவறிதல்

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் நம் கைக்கு எட்டுவது பாரசிட்டமால் பாகுமருந்துப் புட்டியே. காலையில் தாய் ஒரு கரண்டி புகட்டிவிட்டு அலுவலகம் செல்கிறார். அதனை அறியாத பாட்டி, உடம்பு இன்னும் சுடுகிறதே என்று சிறிது நேரத்தில் மீண்டும் ஒரு கரண்டி புகட்டுகிறார். மாலையில் தந்தை கடையிலிருந்து சளி மருந்து ஒன்று வாங்கி வருகிறார். அதனுள்ளும் அதே பாரசிட்டமால் கலந்திருக்கிறது. மூவரும் அன்பினாலேயே செய்தனர். ஆயினும் குழந்தையின் உடலுள் சென்ற மொத்த அளவை எவரும் கணக்கிடவில்லை. இம்மருந்தைப் பொறுத்தவரை அக்கணக்கே காப்பாவது. அதனைக் கற்றுக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மருந்தின் இயல்பு

பாரசிட்டமாலுக்கு அசிட்டமினோஃபென் என்னும் மற்றொரு பெயரும் உண்டு. 1893ஆம் ஆண்டிலேயே இது நோயாளர்க்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. எனினும் 1950களில்தான் விற்பனைக்கு வந்து பரவலாயிற்று. நம் நாட்டில் குரோசின், கால்பால், டோலோ முதலிய பல பெயர்களில் இது கிடைக்கிறது. பெயர் வேறாயினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றே. இது காய்ச்சலின் வெம்மையைத் தணிக்கும். தலைவலி, உடல்வலி ஆகியவற்றைக் குறைக்கும். காய்ச்சலுக்குக் காரணமான நோயைத் தீர்ப்பது இதன் வேலையன்று.

உட்கொண்ட மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருள்களாக மாற்ற, அவை சிறுநீர் வழியே வெளியேறுகின்றன. ஒரு சிறுபகுதி மட்டும் நச்சுப்பொருளாகிறது. கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் என்னும் பொருள் அந்நஞ்சை உடனுக்குடன் முறித்துவிடும். மருந்தின் அளவு மிகும்போது நஞ்சு பெருகுகிறது, குளூட்டாதயோன் குறைந்துபோகிறது, முறிபடாத நஞ்சு கல்லீரலின் உயிரணுக்களையே அழிக்கத் தொடங்குகிறது. உரிய அளவில் நன்மையே செய்யும் மருந்து, அளவு மீறியவிடத்து உயிருக்கே ஊறாவது இவ்வாறுதான்.

பெரியோர்க்கு உரிய அளவு

உடல்நலமும் 50 கிலோவிற்குக் குறையாத எடையும் உடைய பெரியோர், ஒருவேளைக்கு 500 முதல் 1000 மி.கி. வரை உட்கொள்ளலாம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே 4 முதல் 6 மணி நேரம் கழிதல் வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்த அளவு 4000 மி.கி.யைக் கடத்தல் கூடாது. இது உச்சவரம்பேயன்றி நாள்தோறும் எட்டவேண்டிய அளவன்று. எடை குறைந்தோர், உடல் மெலிந்த முதியோர், கல்லீரல் நோயுடையோர், மதுப்பழக்கம் உடையோர் ஆகியோர்க்கு இதனினும் குறைந்த அளவே பொருந்தும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ளுதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். காய்ச்சலுற்ற ஒருவர் 650 மி.கி. மாத்திரையை நான்கு வேளை உட்கொள்கிறார். இது 2600 மி.கி. மூக்கடைப்புக்காக 500 மி.கி. பாரசிட்டமால் கலந்த சளி மாத்திரையை மூன்று வேளை உட்கொள்கிறார். இது 1500 மி.கி. முழங்கால் வலிக்காக 325 மி.கி. பாரசிட்டமால் கலந்த வலி மாத்திரையை இருவேளை உட்கொள்கிறார். இது 650 மி.கி. மொத்தம் 4750 மி.கி. ஆகிறது. தனித்தனியே நோக்கின் எதுவும் மிகையன்று. கூட்டிப் பார்த்தால் வரம்பு கடந்துவிட்டது. ஆதலால் எம்மருந்தை வாங்கினும் அட்டையில் 'பாரசிட்டமால்' என்ற சொல் உண்டா, எத்தனை மி.கி. என்று முதலில் நோக்குதல் வேண்டும்.

நோன்பு நாட்களில்

நம் இல்லத்தார்க்குச் சிறப்பாக உரிய இரண்டு குறிப்புகள் உண்டு. பல நாள் தொடர்ந்து உண்ணாதிருப்போரின் உடலில் நஞ்சை முறிக்கும் குளூட்டாதயோன் குறைந்துவிடுகிறது. ஆகவே நெடுநோன்பு மேற்கொண்டோரும், நோயினால் சில நாள் உணவு கொள்ளாதோரும் தாமே இம்மருந்தை உச்ச அளவில் உட்கொள்ளலாகாது. மற்றொன்று, கதிரவன் மறைந்தபின் எதுவும் உட்கொள்ளாத வழக்கமுடையோர், இரவுக்கும் சேர்த்து மாலையிலேயே இரு வேளை மருந்தை ஒருசேர விழுங்குதல் தவறு. விடுபட்ட வேளை விடுபட்டதாகவே இருக்கட்டும். அதனை ஈடுசெய்ய முனைதல் வேண்டா.

குழந்தைகளுக்கு உரிய அளவு

குழந்தைக்கு வயதைவிட எடையே சிறந்த அளவுகோல். ஒருவேளைக்கு எடையில் ஒவ்வொரு கிலோவிற்கும் 10 முதல் 15 மி.கி.; 4 முதல் 6 மணி நேர இடைவெளி; 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேற்படலாகாது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருவேளைக்கு 100 முதல் 150 மி.கி. வரை என்பது இதனால் பெறப்படும்.

இங்கேதான் பலரும் தவறுவது. புட்டிகள் யாவும் ஒரே திறன் உடையன அல்ல. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள பாகு உண்டு, 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள பாகும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். மேற்சொன்ன குழந்தைக்கு முதல் வகையில் 5 மி.லி. பொருந்தும். இரண்டாம் வகையில் 2 முதல் 3 மி.லி. போதும். சொட்டு மருந்தில் 1 முதல் ஒன்றரை மி.லி. மட்டுமே. சொட்டு மருந்தைப் பாகென்று எண்ணி 5 மி.லி. புகட்டினால், பெரியோர்க்குரிய 500 மி.கி. மாத்திரை ஒன்றைக் கொடுத்ததாகிவிடும்.

வீட்டுக் கரண்டியும் பாலாடையும் சங்கும் அளவுக் கருவிகள் அல்ல. அவை வீட்டுக்கு வீடு வேறுபடும். புட்டியுடன் வரும் அளவு மூடியையோ சொட்டுக் குழலையோ மட்டுமே பயன்படுத்துக. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மருந்து புகட்டிக் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுசெல்க. ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது. நிமெசுலைடு என்னும் மருந்தை 12 வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுப்பது நம் நாட்டில் 2011ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது.

அளவு மீறிவிட்டால்

பாரசிட்டமால் நஞ்சின் கொடுமை, அது உடனே வெளிப்படாமையே. முதல் நாள் சிறிது குமட்டலோ வாந்தியோ இருக்கலாம். எதுவும் இல்லாமலும் இருக்கலாம். கல்லீரல் கேடு இரண்டு மூன்று நாட்களுக்குப் பின்னரே தெரியவரும். ஆகவே, 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று வாளாவிருத்தல் கூடாது. அளவு மீறியதாக ஐயம் எழுந்தவுடனே, புட்டியையும் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைக. ஊர்தி இல்லையேல் 108ஐ அழைக்க. அசிட்டைல் சிஸ்டீன் என்னும் முறிமருந்து உண்டு. மிகையாக உட்கொண்ட 8 மணி நேரத்துக்குள் அதனைத் தொடங்கினால் பெரும்பாலும் கல்லீரலைக் காத்துவிடலாம்.

அளவு சரியாயிருப்பினும், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலும், குழந்தை சோர்ந்து கிடந்தாலும், மூச்சுவிடத் திணறினாலும், சிறுநீர் குறைந்தாலும், வலிப்பு வந்தாலும் மருத்துவரை நாடுதல் இன்றியமையாதது.

இன்றே செய்யத்தக்கது

இதனைப் படித்து முடித்தவுடன் வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியைத் திறந்து, பாரசிட்டமால் உள்ளவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். பிள்ளைகளின் எடையைப் பார்த்துக் குறித்து, ஒவ்வொருவர்க்கும் உரிய அளவைக் கணக்கிட்டுப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள். அருகே ஒரு தாளும் எழுதுகோலும் இருக்கட்டும். மருந்து கொடுத்தவர் யாராயினும் நேரத்தையும் அளவையும் அதில் எழுதட்டும். அடுத்துக் கொடுப்பவர் அதனைப் படித்த பின்னரே புட்டியைத் திறக்கட்டும். தாயின் அன்பும் பாட்டியின் அன்பும் ஒரே தாளில் சந்திக்குமானால் குழந்தைக்குத் தீங்கு நேராது.