பல் மருத்துவமனையும் பலசரக்குக் கடையும்

பிள்ளைகளைப் படிக்க வைத்து டாக்டராக்கிய வியாபாரிகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அதிலும் பல் டாக்டர்கள் அதிகம். படிப்பு முடிந்து வந்ததும் இடம் பிடித்து, முதல் போட்டு, போர்டு மாட்டித் தருவது பெரும்பாலும் பெற்றவர்தான். முதல் போட்டவருக்கு யோசனை சொல்லும் உரிமையும் தானாக வந்துவிடுகிறது. கோளாறு அங்கேதான் ஆரம்பம். நாங்களும் அந்தக் கோளாறைச் செய்தவர்கள் என்பதால் இதை எழுதத் துணிகிறோம்.

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் எங்களுடையது. மகள் பல் மருத்துவம் முடித்ததும் தரைத்தளத்தில் ஓர் இடம் பார்த்துக் கொடுத்தோம். மாடி என்றால் வாடகை குறைவு. ஆனால் வயதானவர்கள் படியேறக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ் எல்லாம் வங்கிக் கடனில் வந்து இறங்கின. கடன் இருந்தால் கண் கல்லாவில்தானே இருக்கும். தினமும் இரவு கடையை அடைத்துவிட்டு நேரே அங்கே போய், இன்று எத்தனை பேர் என்று பில் புத்தகத்தைப் புரட்டுவோம். "ஒருத்தருக்கு முக்கால் மணி நேரமா? அதற்குள் நாங்கள் ஒரு லாரிச் சரக்கை இறக்கிவிடுவோமே" என்போம். மகள் சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எங்கள் நச்சரிப்பு தாங்காமல் வேகத்தைக் கூட்டினாள். பில் புத்தகம் தடித்தது. எங்களுக்கும் திருப்தி.

அந்தச் சமயத்தில்தான் எங்களிடம் இருபது வருடமாகச் சரக்கெடுக்கும் சாத்தூர்ப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் ஒருவர் கடைவாய்ப் பல் வலியோடு வந்தார். நம் ஆட்களின் வழக்கப்படி வலி தாங்கும் வரை தாங்கி, கடையில் இருந்த கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றி, ஈறும் வெந்து போயிருந்தது. பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற வேர் சிகிச்சை செய்தாள். மூன்று முறை வரச் சொல்லி வேலையை முடித்து, கடைசி நாளில் பில்லைக் கொடுத்து, "அண்ணாச்சி, மேலே கேப் போட வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள்" என்றாள். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அவரும் "சரிம்மா" என்று பேரம் பேசாமல் பணத்தை வைத்துவிட்டுப் போனார். எங்களிடம் கிலோவுக்கு ஐம்பது காசுக்கு வாதாடுகிற மனிதர்! பேரம் பேசாமல் போகிற வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார் என்பது கடைப்பையனுக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு அன்று தெரியாமல் போயிற்று.

நாலு மாதம் கழித்து முறுக்கு கடித்தபோது அந்தப் பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. வேறோர் இடத்தில் பிடுங்கிக்கொண்டார். விஷயம் இதுதான். சொத்தையைச் சுரண்டி, உள்ளிருக்கும் நரம்பையும் எடுத்தபின் அந்தப் பல்லில் மிஞ்சுவது கொஞ்சம் சுவர்தான். மெல்லுகிற பாரம் முழுவதும் கடைவாயில்தான் விழுகிறது. கேப் போடாவிட்டால் என்றைக்காவது பிளக்கும். இதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. அவர் நினைத்ததெல்லாம், ஒரு பில் வாங்கியாயிற்று, இப்போது இன்னொரு பில்லுக்கு அடி போடுகிறார்கள் என்பதுதான். விளக்க நேரமில்லை. அந்த நேரத்தைப் பிடுங்கியவர்கள் நாங்கள்.

கிட்டங்கிக்கு வந்தபோது மனத்தில் வைத்துக்கொள்ளாமல் நேரிலேயே கேட்டுவிட்டார். "அண்ணாச்சி, உங்க துவரம்பருப்பை நான் கையில அள்ளிப் பாக்குறேன். ஒண்ணை வாயில போட்டுக் கடிச்சுப் பாக்குறேன். பிடிக்கலைன்னா மூட்டையைத் திருப்பி அனுப்புறேன். அங்க நான் வாயைத் தொறந்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். என்னத்தைப் பாக்க, எதைத் திருப்ப?"

நாற்பது வருட வியாபாரத்தில் எங்களுக்குத் தோன்றாத கணக்கு அது. நம் தொழிலில் சரக்கை வாங்குபவர் பார்க்கிறார், தராசு முள் அவர் பக்கம் திரும்பியிருக்கிறது. பல் வைத்தியத்தில் சரக்கு அவர் வாய்க்குள்ளேயே இருந்தும் அவருக்குத் தெரியாது. பிடுங்கிய பல் திரும்பி வராது. ஆகவே பார்க்கும் வசதியை வைத்தியர்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். இதற்குப்பின் மகள் எங்களை பில் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தன் வழியில் நடத்தினாள்.

இப்போது முதல்முறை வருகிறவருக்கு, வலி இருந்தால் அதை மட்டும் தணிக்கிறாள். மற்ற வேலை எதுவும் அன்றைக்குத் தொடங்குவதில்லை. உட்கார வைத்துக் கேட்கிறாள்: சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோயும் கூடும், புண் ஆறவும் நாளாகும். பிறகு கையில் கண்ணாடியைக் கொடுத்து அவர் பல்லை அவருக்கே காட்டுகிறாள். எக்ஸ்ரே படத்தில் சொத்தை எதுவரை போயிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுகிறாள். என்னென்ன வழி உண்டு, எதற்கு எவ்வளவு, எத்தனை முறை வர வேண்டும், ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கிறாள். கேப்புக்கான பணமும் முதல் தாளிலேயே இருக்கும். "வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்புகிறாள். கொள்முதல் விலையைக் கேட்டுவிட்டு நாலு கடை ஏறி இறங்குவது நமக்கும் உள்ள பழக்கம்தானே. சிலர் வருவதில்லை, உண்மை. வந்தவர்கள் பாதியில் விடுவதில்லை.

நாற்காலியில் சாய்ந்த பின்னும் பேச்சு அவர் பக்கம்தான். ஊசி போட்டால் மரத்துப்போகச் சில நிமிடம் ஆகும். அதுவரை கருவியைத் தொடுவதில்லை. இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொல்லிவிடுகிறாள். எங்கள் அண்டை வீட்டுக்காரர் ஒருவர், நிறுத்துகிறாளா என்று பார்ப்பதற்காகவே இரண்டு தடவை தூக்கினாராம். மூன்றாவது முறை தேவைப்படவில்லை. கருவிகள் 121 டிகிரி சூட்டில் 15 நிமிடம் ஆட்டோகிளேவில் வெந்து, ஒட்டிய உறைக்குள் இருக்கின்றன. அந்த உறையை வந்தவர் கண்ணெதிரேதான் கிழிக்கிறாள். பல் எடுத்தவர்களுக்கு மறுநாள் மாலை அவளே போன் செய்து ரத்தம் நின்றதா என்று கேட்கிறாள்.

இன்னொரு விஷயத்திலும் எங்கள் வியாபார மூளை இடறியது. திறப்பு விழாத் தள்ளுபடி என்று நோட்டீஸ் அடிக்கவும், ஆள் அனுப்புகிற மருந்துக்கடைக்குக் கமிஷன் கொடுக்கவும் யோசனை சொன்னோம். 2014இல் வெளிவந்த பல் மருத்துவர் நன்னடத்தை விதிகளில் இரண்டும் கூடாது என்று எழுதியிருப்பதைக் காட்டினாள். நமக்குக் கமிஷன் என்பது தொழில் தர்மம். அங்கே அது குற்றம். 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொல்லியிருப்பதால், என்ன சொன்னோம், அவர் எதற்குச் சம்மதித்தார் என்று எழுதி வைப்பது டாக்டருக்கும் காப்பு. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவு, ரத்தம் பட்ட பஞ்சுக்கும் ஊசிக்கும் 2016 விதிப்படி தனித்தனிக் கழிவுப் பை, டப்பா என்று செலவுகள் உண்டு. முதல் போடுகிற தகப்பனார்கள் இவற்றைத் திட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மினுமினுப்பான வரவேற்பறைக்குப் போடுகிற பணத்தை இதற்குப் போடலாம்.

கடன் விஷயத்தில் எங்கள் கருத்து இது. ஒரே நாற்காலியோடு தொடங்குங்கள். இரண்டாவது நாற்காலி வாங்கினால், தவணை கட்ட அதை நிரப்பியாக வேண்டும் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் வந்த இடத்தில், தேவையில்லாத பல்லுக்கும் வேலை கண்ணில் படும். முதல் இரண்டு வருடத் தவணைக்கு வேண்டியதைத் தகப்பனார் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தால், பிள்ளைக்கு நோயாளியோடு பேச நேரம் கிடைக்கும். எங்கள் தவணை மெதுவாகத்தான் அடைகிறது. ஆனாலும் தவறாமல் அடைகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர், முன்பு வந்த ஒருவர் சொல்லித்தான் வருகிறார்கள்.

சாத்தூர்க்காரரிடம் மகள் நேரில் போய், விளக்காமல் விட்டது தன் பிழை என்று சொல்லிவிட்டு வந்தாள். வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாளின் வேலை முடிந்துவிட்டது. இவருடைய காலி இடத்தில் பல் கட்டுவது மட்டும் பாக்கி. மூன்று வழிகள் எழுதிய தாள் சட்டைப் பையில்தான் இருக்கிறது, தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார்.