பாத்திரங்களில் படிவும் களிம்பும்

கோவில்பட்டிக் கரிசல் பூமியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆதலால் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரங்களிலும் கண்ணாடிச் சாமான்களிலும் வெண்படிவு பற்றுகிறது. எலுமிச்சஞ்சாறு பூசிக் கால்மணி நேரம் ஊறவிட்டால், புளிப்பு அச்சுண்ணாம்பைக் கரைத்துவிடும். பின்னர் தேய்த்துக் கழுவலாம்.

இரும்பின் துருவைச் செங்கற்பொடியால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும்.

பித்தளை, தாமிரப் பாத்திரங்களின் பச்சைக் களிம்பைப் புளியும் உப்பும் அகற்றும். ஆயினும் அங்கத்தினர்கள் ஒன்றை மறக்கலாகாது. களிம்பைக் கரைக்கும் அதே புளிப்பு தாமிரத்தையும் சிறிது சிறிதாகக் கரைக்கும். ஈயம் பூசாத பாத்திரத்தில் மோரையோ புளிக்குழம்பையோ வைத்திருந்து உண்டால் வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும். ஆகவே பூச்சுத் தேய்ந்தவுடன் வெள்ளீயமே பூசுவித்தல் வேண்டும். காரீயம் கலந்த பூச்சு நஞ்சாகும்.